நீலத்துக்குள் இறங்கிய அக்கா

அந்த அக்காவுக்குப் பக்கத்தில் நின்று எதையும் வேடிக்கை பார்க்க முடியாது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். அக்கா அதற்குள் போய்விடுவார்.

நான் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு வந்த புதிதில், கார்னிவல் ஊர்வலம் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாசிக் குளிர். வீதியின் இரண்டு கரையிலும் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. கோமாளி வேடம் போட்டவர்கள் இனிப்புகளை அள்ளி எறிந்தபடி போக, கரையில் நின்றவர்கள் "கமெல்லே, கமெல்லே" என்று கத்தினார்கள். அந்த ஊர்ப் பேச்சில் கமெல்லே என்றால் மிட்டாய். நானும் வெட்கத்தோடு ஒரு தரம் கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணவில்லை. மொழியும் தெரியாது, வழியும் தெரியாது. அழுகை வரும்போல இருந்தது.

அந்த நேரம் என் நெற்றியில் ஒரு சொக்லேட் வந்து விழுந்தது. நிமிர்ந்தேன். ஊர்வலத்தின் நடுவில், சிவப்பு மூக்கு வைத்த ஒரு கிழவருக்குப் பக்கத்தில், அவருடைய பெரிய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா நடந்து வந்தார். தடித்த குளிர்க்கோட்டுக்குக் கீழே பச்சைச் சேலை தெரிந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி எறிந்தார். என்னைக் குறிபார்த்துத்தான் எறிந்தார் என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

"எப்பிடியக்கா உள்ளுக்குப் போனனீங்கள்?"

"அந்த மனுசனுக்குத் தோள் நோகுது போல கிடந்தது. நான் தூக்கவோ எண்டு கேட்டன். ஓம் எண்டார். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அவருடைய வாழ்க்கையில் எல்லாக் கதவும் இப்படித்தான் திறந்தன.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தோம். மாதத்தில் ஒரு பின்னேரம் சாப்பாட்டு மண்டபத்தில் பாட்டுப் போட்டு, கேக்கும் கோப்பியும் கொடுப்பார்கள். இல்லத்தில் இருக்கிறவர்களில் ஏலுமானவர்கள் ஆடுவார்கள். சமையலறைக்காரர் நாங்கள் கதவிடுக்கால் எட்டிப் பார்ப்போம். அக்கா ஏப்ரனைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு நேரே உள்ளே போனார். சக்கர நாற்காலியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவருடைய கையைப் பிடித்து, நாற்காலியையே சுழற்றிச் சுழற்றி ஆடினார். பெரியவர் பல் இல்லாத வாயால் சிரித்தார். மேலாளர் பெண் கோபிக்கப்போகிறார் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்றோம். அடுத்த மாதம் அந்தப் பெண்ணே சமையலறைக்கு வந்து, "இன்றைக்கு ஆட்டம் இருக்கிறது, கொஞ்சம் வருகிறீர்களா?" என்று அக்காவைக் கேட்டுவிட்டுப் போனார்.

"ஏனக்கா, ஒருக்கால் எங்களோட நிண்டு பாத்தால் என்ன?" என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"பாக்கிறதுக்கு வீட்டில டிவி இருக்கு."

இந்தக் குணத்தால் அவருக்குப் பகையும் இருந்தது. மேல் மாடியில் இருந்த ஒரு புருசன் பெண்சாதி சண்டை பிடித்தபோது, மற்ற வீட்டுக்காரரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார்கள். அக்கா போய் மணியடித்து, உள்ளே போய், இரண்டு பேருக்கும் நடுவில் சோபாவில் இருந்துவிட்டார். "இனி என்னைத் தாண்டிக் கதையுங்கோ" என்றாராம். சண்டை நின்றது. அவர்கள் இரண்டு பேரும் ஒற்றுமையாகி, சேர்ந்தே அக்காவோடு கதைப்பதை நிறுத்தினார்கள். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் படிக்கட்டில் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் நாட்களில் அவருக்கு அன்றைய தேநீர் இறங்காது. அதையும் நான் கண்டிருக்கிறேன்.

அவருடைய கணவரை நாங்கள் அண்ணை என்போம். தபால் நிலையத்தில் பொதி பிரிக்கிற வேலை. அக்கா எவ்வளவுக்கு உள்ளே போவாரோ அவ்வளவுக்கு அண்ணை வெளியே நிற்பார். கலியாண வீடென்றால் அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நிற்பார். அண்ணை அக்காவின் கைப்பையையும் கோட்டையும் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் நிற்பார். நல்ல மனிதர். ஒரேயொரு பயம்தான் அவருக்கு: சனம் என்ன சொல்லும்.

ஒருநாள் வேலை இடைவேளையில் நான் தொலைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை செய்த ஜெர்மன்காரர்கள் கோடை விடுமுறை என்றால் மயோர்க்காத் தீவுக்குப் போவார்கள். ஸ்பெயினுக்குப் பக்கத்தில், மத்தியதரைக் கடலில் இருக்கிறது. பக்கத்து ஊருக்குப் போவதுபோல் போய், தோல் சிவந்து திரும்பி வருவார்கள். அந்தத் தீவில் அழகாகப் படம் எடுக்கக்கூடிய இடங்களை யாரோ இணையத்தில் தொகுத்துப் போட்டிருந்தார்கள். போகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அப்போது கலியாணமும் ஆகவில்லை, தனியாக எங்கே போவது? சும்மா பார்த்தேன்.

அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். குளத்தில் தலைகீழாகத் தெரியும் பெரிய தேவாலயம். பூச்சட்டி தொங்கும் கல் ஒழுங்கை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலைமுனை. ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பிள்ளையள் ஏன் எல்லா இடத்திலயும் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குதுகள்?" என்றார் அக்கா. "முகத்தில ஏதும் நோய் வருத்தமோ?"

"இடத்தைப் பாக்கினமாம் அக்கா."

"பாத்து?"

நான் அடுத்த படத்துக்குப் போனேன். அக்கா என் விரலைப் பிடித்து நிறுத்தினார். உயரத்திலிருந்து எடுத்த படம். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஒரு சின்னக் குடா. கரையில் கண்ணாடிப் பச்சையாகத் தொடங்கி வெளியே போகப் போக நீலமாகும் தண்ணீர். அந்த நீலத்தின் நடுவில், கைகளை விரித்தபடி மல்லாந்து கிடந்தாள் ஒரு பெண். அவள் முதுகைக் காட்டவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு சொன்னார்.

"நான் இதில நிக்கோணும்."

"அவ நிக்கேல்லை அக்கா. மிதக்கிறா."

"அப்ப மிதக்கோணும்."

அப்போது அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். கடல் கூப்பிடு தூரமில்லை என்றாலும் தூரமும் இல்லை. ஆனால் கணுக்காலுக்கு மேல் அவரைக் கடல் நனைத்ததில்லை.

நகரசபையின் உள்ளக நீச்சல் தடாகத்தில் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பு இருந்தது. அடுத்த வாரமே பெயர் கொடுத்துவிட்டார். வீட்டில் பெரிய கதை நடந்தது. அண்ணை என்னையும் கூப்பிட்டு நியாயம் கேட்டார்.

"இந்த வயசில இது என்ன வேலை பிள்ளை? ஆம்பிளையள் பொம்பிளையள் எல்லாம் வாற இடம். நாளைக்குக் கோயிலில சனம் என்ன சொல்லும்?"

அக்கா கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்லுறவை தண்ணிக்குள்ள வந்து சொல்லட்டும்."

முதல் வகுப்புக்குத் துணையாகப் போனேன். முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் மூடிய கறுப்பு நீச்சலுடை வாங்கியிருந்தார். போட்டுக்கொண்டு வந்தவர், பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த கிழமை எனக்கும் ஒரு நீச்சலுடை வந்தது.

எதற்குள்ளும் தயங்காமல் போகிற அந்த அக்கா தண்ணீரில் மட்டும் வேறு ஆளாக இருந்தார். தடாகத்தின் ஓரக் கம்பியைப் பிடித்த கை விறைத்துப்போய், விடமாட்டேன் என்று நின்றது. முகத்தை நனைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அம்மா என்று கத்தினார். எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஒரு வெள்ளைத்தலைமுடிப் பெண். அதட்டாத, அவசரப்படாத மனுசி. "கூரையில் அந்த விளக்கைப் பாருங்கள். கண் அங்கே நின்றால் உடம்பு இங்கே நிற்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அக்கா விளக்கைப் பார்ப்பார், அடுத்த கணம் காலைப் பார்ப்பார், தாழுவார்.

ஒருநாள் உடை மாற்றுகிற அறையில், தலை துவட்டிக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

"கீரிமலையில ஆம்பிளையளின்ர கேணி பெரிசு. அண்ணன்மார் மதிலில ஏறி நிண்டு குதிப்பினம். நான் வெளியில நிண்டு அவையின்ர உடுப்பைப் பாத்துக்கொண்டு இருப்பன். காகம் தூக்கிக்கொண்டு போயிடுமாம். தண்ணி தெறிக்கிற சத்தம் மட்டும் கேக்கும்." துவாயை உதறினார். "எந்தக் காகமப்பா காற்சட்டை தூக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டே நின்றோம். அடுத்த வகுப்பில் அவர் கம்பியை விட்டார். ஒரேயடியாக அல்ல, ஒவ்வொரு விரலாக விட்டார்.

பனிக்காலம் முழுக்கப் போனோம். இளவேனிலில், இங்கே சின்னப் பிள்ளைகள் முதன்முதல் நீந்தப் பழகியதும் கொடுக்கிற கடற்குதிரைச் சின்னத்தை, அக்கா சோதனை செய்து எடுத்தார். கரையிலிருந்து குதித்து, தடாகத்தின் நீளத்துக்கு நீந்தி, அடியில் கிடந்த வளையத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். பயிற்சியாளர் பெண் கைகுலுக்கி அந்தத் துணிச் சின்னத்தைக் கொடுத்தார். அன்று பின்னேரமே அதை நீச்சலுடையின் இடுப்புப் பக்கத்தில் தைத்துவிட்டார்.

செப்டெம்பரில் மயோர்க்காவுக்குப் போனோம். அக்கா, அண்ணை, நான். அண்ணை வாடகைக் கார் ஓட்டினார். அந்த இணையப் பக்கத்தில் இருந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இல்லை, நானும் அண்ணையும் பார்த்தோம். அக்காவின் கதை வேறு.

வால்தெமோசா என்ற மலையூரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை சுவரில் பூச்சட்டி. ஒரு வீட்டு வாசல் மிகவும் வடிவு. அதற்கு முன்னால் நின்று படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் முறை வந்தபோது கதவு திறந்து, அந்த வீட்டு அம்மா நீர்க்குழாயோடு வெளியே வந்தார். நாங்கள் விலகினோம். அக்கா கை நீட்டிக் குழாயை வாங்கிக்கொண்டார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எந்தச் செடிக்கு எவ்வளவு என்று இரண்டு பேரும் விரலால் கதைத்துக்கொண்டு ஒழுங்கை முழுக்கத் தண்ணீர் விட்டார்கள். வரிசையில் நின்ற ஆட்கள் கதவை விட்டுவிட்டு அவர்களைப் படம் எடுத்தார்கள். ஃபோர்மென்டோர் மலைமுனையில் நின்றபோது காற்று அண்ணையின் தொப்பியைக் கொண்டுபோனது. "அது கடலைப் பாக்கப் போட்டுது" என்று அக்கா ஆறுதல் சொன்னார்.

படத்தில் கண்ட அந்தக் குடாவுக்குப் போன நாள் சிவப்புக் கொடி பறந்தது. முதல் நாள் காற்றில் கடல் குழம்பியிருந்தது. பாறையில் மோதிய அலை உயரமாக எழும்பியது. உயிர்காப்பாளர் பெடியன் கையை விரித்து, இறங்க ஏலாது என்றான். மறுநாள் போனோம். அப்போதும் சிவப்பு. அக்கா கரை மணலில் இருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தார். அவர் எதையாவது பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததை நான் கண்டது அந்த இரண்டு நாட்கள்தான். அண்ணைக்கு உள்ளூர நிம்மதி. "காலை நனைச்சாச்சுத்தானே, போதும், காணும்" என்றார்.

கொலோனுக்குத் திரும்புகிற நாள் காலை, விமானத்துக்கு நேரம் இருந்தது. கொடி பச்சை. கடல் நெய் போலக் கிடந்தது.

அண்ணை படமெடுக்க மேலே பைன் மரத்தடிப் பாறையில் நிற்பதென்று ஏற்பாடு. அக்கா கட்டளை போட்டார்.

"நான் மல்லாந்து கையை விரிச்ச பிறகுதான் எடுக்கோணும். அதுக்கு முன்னம் எடுத்துத் துலைக்காதேங்கோ."

அண்ணை தலையாட்டினார். நான் படியிறங்கும்போது மெல்லக் கூப்பிட்டு, "பிள்ளை, அவவை விட்டிடாதையும்" என்றார்.

கரையில் தாயோடு நின்ற ஒரு ஜெர்மன் சிறுமி அக்காவின் இடுப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். தன் நீச்சலுடையைத் தொட்டுக் காட்டினாள். அதே கடற்குதிரை. "எனக்கும் இருக்கு!" என்றாள். அக்கா பெரிய மனுசத் தோரணையில் அவளோடு கைகுலுக்கினார்.

இறங்கினோம். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. தடாகத்தில் ஓரம் இருக்கிறது, அடியில் நீல ஓடு தெரியும். இங்கே ஒன்றும் இல்லை. திடீரென்று காலடி மணல் சரிந்து இல்லாமல் போனது. உப்புத்தண்ணீர் அக்காவின் வாய்க்குள் போயிருக்க வேண்டும். எட்டி என் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் தாழ்ந்தோம். காதுக்குள் இரைச்சல். எப்படியோ காலை உதைத்து, அவரை இழுத்துக்கொண்டு நிலம் படுகிற இடத்துக்கு வந்தேன். அக்கா இருமினார், ஓங்காளித்தார். மேலேயிருந்து அண்ணை கத்தியது பாறை முழுக்க எதிரொலித்தது.

"காணும்! வெளியில வாரும்! படம் வேண்டாம், வாரும்!"

நான் அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அக்கா, இஞ்சயே கிடந்து எடுப்பம். மேல இருந்து பாத்தா ஆழம் தெரியாது. படத்தில ஒருத்தருக்கும் விளங்காது."

சிவந்த கண்ணால் என்னைப் பார்த்தார்.

"படத்தில தெரியாது. எனக்குத் தெரியுந்தானே."

மூக்கைச் சிந்தி முகத்தைக் கழுவினார். பிறகு, "இந்த முறை நீர் என்னைப் பிடிக்காதையும். நானும் உம்மைப் பிடிக்கமாட்டன்" என்றார்.

தண்ணீரில் நெஞ்சைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, வகுப்பில் பழகிய அதே தவளை நீச்சலில் போனார். இழுத்து, மடக்கி, தள்ளி. மணல் சரிந்த இடத்தைத் தாண்டினார். பச்சை முடிந்தது. நான் இரண்டு கை தூரத்தில் பின்னால் போனேன், தொடவில்லை. நீலத்தின் நடுவில் நீச்சலை நிறுத்தினார், திரும்பினார், காதைத் தண்ணீருக்குள் விட்டு மல்லாந்தார். இடுப்பு ஒரு தரம் தாழ்ந்தது. மூச்சை இழுத்தார். பிறகு மெல்ல மெல்ல முழங்காலும் பாதமும் மேலே வந்தன. கைகள் விரிந்தன.

"வானத்தில கண்ணை வைக்க ஒண்டும் இல்லையப்பா, வெறும் வெளி" என்று பிறகு சொன்னார். "அப்பத்தான் பாறையில இந்த மனுசன்ர வெள்ளைச் சேட்டுத் தெரிஞ்சுது. அதையே பாத்துக்கொண்டு கிடந்தன்."

கிடந்தார். கடல் அவரைத் தூக்கித் தூக்கி வைத்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டு பாறைச் சுவர்களிலும் பட்டு அது பெருகியது. கரையில் அந்தச் சிறுமி துள்ளித் துள்ளிக் கத்தினாள். ஆட்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். கை தட்டினார்கள்.

"ஐயோ, நான் மிதக்கிறன்! பாரும், நான் மிதக்கிறன்!"

மேலே சத்தமில்லை. அண்ணையையும் காணவில்லை. பயத்தில் படம் எடுக்காமலே விட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். பார்த்தால், முழங்கால் நோவுக்காரர், அந்தச் செங்குத்துப் படிகளில் ஓடாத குறையாக இறங்கி வருகிறார். காலில் போட்ட சப்பாத்தோடு தண்ணீருக்குள் வந்துவிட்டார். தொலைபேசியைத் தலைக்கு மேலே பிடித்திருந்தார்.

"இஞ்சாரும், வந்திருக்கு! வடிவா வந்திருக்கு! வந்து பாருமன்!"

"நீங்கள் பாத்துக்கொண்டு நில்லுங்கோ" என்று அக்கா அங்கிருந்து கத்தினார். "நான் இன்னும் வெளியில வரேல்லை!"

அன்று விமானத்தைத் தவறவிடாமல் பிடித்தது எங்கள் அதிர்ஷ்டம். ஈரத்தலையோடுதான் ஏறினார்.

இப்போது அக்காவும் அண்ணையும் மகளோடு லண்டனில் இருக்கிறார்கள். நேரில் கண்டு பல வருடங்களாகிவிட்டன. அவரை நினைத்தால் குடாவோடு சேர்ந்து இன்னொரு காட்சியும் எனக்கு வரும். அந்த மார்கழியில் கொலோனில் ஒரு கலியாண வீடு. அக்கா வழக்கம்போல உள்ளே எங்கேயோ. அண்ணை கைப்பையும் கோட்டுமாக வாசலில் நிற்கவில்லை. அவற்றை ஒரு கதிரையில் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். தொலைபேசி கையில்.

கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"உதில ஆளைக் காணேல்லையே. வெறும் தண்ணியாக் கிடக்கு."

அண்ணை இரண்டு விரலால் படத்தை விரித்தார். இன்னும் விரித்தார்.

"வடிவாப் பாருங்கோ. நடுவில கையை விரிச்சுக்கொண்டு கிடக்கிறா. வகுப்புக்குப் போய் நீந்தப் பழகினவ. என்ர மனுசி."

பெரியவர் முகத்தைச் சுளித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்தில் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி தொலைபேசியைக் கையில் வாங்கினார். நன்றாகப் பார்த்தார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் அண்ணையைக் கேட்டார்.

"தம்பி, அந்த வகுப்பு என்ன கிழமை?"